கட்டுரையைத் தேடுபொறி எடைபோடும் விதம்

ஒரு வணிக நிறுவனம் தான் விற்கும் பொருளையும் தன் தொழிலையும் பற்றிய கட்டுரைகளை இணையத்தில் வெளியிட்டு, அவற்றின் வழியாகத் தன் இணையதளத்துக்கு வாசகரை வரவழைப்பது கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் உலகெங்கும் நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கும் வரைதான் அதன்வழி ஆள் வருவர். பணம் நின்ற நாளிலேயே வரத்தும் நின்றுவிடும். ஆனால் ஒரு கட்டுரை தேடுபொறியின் முடிவுப் பட்டியலில் நல்ல இடம் பெற்றுவிட்டால், எழுதியவரே அதை மறந்துபோன பிறகும் அது மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், வாசகரைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருக்கும். இதைக் கண்டவர்களுள் பலர் இதனை எழுத்துத் திறமை சார்ந்ததாகவோ விற்பனை உத்தியாகவோ மட்டும் கருதிவிட்டனர். எந்தக் கட்டுரையை நாடி வாசகர் வருவர் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தகவல் மீட்பியல் என்னும் அறிவுத்துறை வகுத்த கணக்காகும். அந்தக் கணக்கின் உட்பொருளை அறியாமல் எழுதிக் குவிக்கப்பட்ட எண்ணற்ற கட்டுரைகள் இன்று எவர் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன.

தேடுபொறியிடம் ஒருவர் கேள்வி கேட்கும் நொடியில் அது இணையம் முழுவதையும் படித்துப் பார்ப்பதில்லை. கிராலர் எனப்படும் தானியங்கி நிரல்கள் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பின்பற்றி அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கும் சென்று, கண்ட பக்கங்களையெல்லாம் முன்கூட்டியே படியெடுத்து வைக்கின்றன. பின்னர் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கங்களில் எந்தெந்த இடங்களில் வருகிறது என்று குறித்த ஒரு பெரும் சொல்லடைவு தயாரிக்கப்படுகிறது. தடித்த நூலின் கடைசிப் பக்கங்களில் காணப்படும் சொல்லடைவு செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. கேள்வியிலுள்ள சொற்களை உடைய பக்கங்களை இந்த அடைவிலிருந்து எடுப்பது எளிது. எடுத்த பல்லாயிரம் பக்கங்களுள் எதை முதலில் வைப்பது என்பதே கடினமான சிக்கல், வணிகக் கட்டுரைகளின் தலைவிதி முடிவாவதும் அங்கேதான்.

இந்தச் சிக்கலுக்கான முதல் விடைகள் இணையம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கிடைத்துவிட்டன. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1957இல், ஓர் ஆவணத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பது அந்த ஆவணம் எதைப் பற்றியது என்பதற்கான அடையாளம் என்று எடுத்துக்காட்டினார். இதில் ஒரு குறை இருந்தது: எல்லா ஆவணங்களிலும் அடிக்கடி வரும் பொதுச் சொற்களும் இவ்வழியில் முக்கியத்துவம் பெற்றுவிடும். பிரிட்டிஷ் அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் இக்குறையைத் தீர்த்தார். ஒரு சொல் எவ்வளவு குறைவான ஆவணங்களில் காணப்படுகிறதோ அவ்வளவு மிகுதியாக அதற்கு எடை கொடுக்க வேண்டும் என்பது அவர் கண்ட விதி. மொத்தம் 10 கோடிப் பக்கங்கள் இருப்பதாகவும், அவற்றுள் ‘விலை’ என்னும் சொல் 1 கோடிப் பக்கங்களிலும் ‘கண்ணாடியிழை’ என்னும் சொல் 10,000 பக்கங்களிலும் வருவதாகவும் கொள்வோம். மொத்தத்தைச் சொல்வரும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்து, பத்தடிமான மடக்கை எடுத்தால், முதற்சொல்லின் எடை 1, இரண்டாம் சொல்லின் எடை 4. ‘தரமான சேவை’, ‘நியாயமான விலை’ என்று எல்லாரும் சொல்வதையே சொல்லும் பக்கம் ஏன் தேடுவோரைச் சென்றடைவதில்லை என்பதற்கும், ஒரு குறிப்பிட்ட பொருளின் குறிப்பிட்ட சிக்கலை அதற்குரிய சொற்களால் விளக்கும் பக்கம் ஏன் சென்றடைகிறது என்பதற்கும் இந்த மடக்கைக் கணக்கிலேயே பாதி விளக்கம் இருக்கிறது.

அரிய சொல்லுக்கு எடை மிகுதி என்று தெரிந்தவுடன் அச்சொல்லையே ஒரு கட்டுரையில் நூறு முறை எழுதிவிடலாமே என்று தோன்றும். தொடக்ககால இணையத்தில் பலர் அப்படித்தான் செய்தனர். லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ராபர்ட்சனும் அவருடைய குழுவினரும் 1990களில் உருவாக்கிய பிஎம்25 என்னும் சூத்திரம் இதற்கு வரம்பு கட்டியது. அச்சூத்திரத்தில் வழக்கமாக இடப்படும் மாறிலிகளை வைத்து, சராசரி நீளமுள்ள ஒரு கட்டுரையைக் கணக்கிட்டால், ஒரு சொல் ஒரு முறை வரும்போது அது பெறும் மதிப்பு 1 என்றும், இரண்டு முறை வந்தால் ஏறத்தாழ 1.38 என்றும், பத்து முறை வந்தால் 1.96 என்றும் அமைகிறது. ஆயிரம் முறை எழுதினாலும் அது 2.2ஐத் தாண்டாது. ஆகவே திரும்பத் திரும்பச் சொல்வதால் கணக்கில் கிடைக்கும் ஆதாயம் விரைவில் வற்றிவிடுகிறது. படிப்பவருக்கு ஏற்படும் சலிப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது.

சொற்களின் கணக்கு ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று கூறுமே தவிர, அதை நம்பலாமா என்று கூறாது. நம்பகத்தை அளக்கும் வழி அறிவியல் இதழ்களின் உலகிலிருந்து வந்தது. ஓர் ஆய்வுக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தொகுக்கும் யோசனையை யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் முன்வைத்து, 1964இல் அறிவியல் மேற்கோள் அடைவை வெளியிடத் தொடங்கினார். எல்லா மேற்கோள்களும் சமமல்ல, மதிப்புமிக்க இதழிலிருந்து வரும் மேற்கோளுக்கு மிகுதியான எடை தர வேண்டும் என்று கேப்ரியல் பின்ஸ்கியும் ஃபிரான்சிஸ் நரினும் 1976இல் ஒரு கணித முறையை வகுத்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் இதே சிந்தனையை இணையத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கப்படும் இணைப்பை ஒரு சான்றுரையாகக் கொண்டு, 1998இல் பேஜ்ரேங்க் என்னும் முறையை வெளியிட்டனர்.

அந்த முறையின் அடிப்படையில் ஒரு கற்பனை வாசகர் இருக்கிறார். அவர் ஏதோவொரு பக்கத்தில் தொடங்கி, அதிலுள்ள இணைப்புகளுள் ஒன்றைக் கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுத்து அடுத்த பக்கத்துக்குப் போகிறார். அங்கிருந்தும் அவ்வாறே தொடர்கிறார். ஒவ்வோர் அடியிலும் 100க்கு 15 என்ற நிகழ்தகவில் சலிப்புற்று, தொடர்பே இல்லாத வேறொரு பக்கத்துக்குத் தாவிவிடுகிறார். இவ்வாறு முடிவின்றி அலையும் வாசகர் தம் நேரத்தில் எவ்வளவு பங்கை ஒரு பக்கத்தில் கழிக்கிறாரோ அதுவே அப்பக்கத்தின் மதிப்பு. கணிதத்தின் மொழியில் இது ஒரு மிகப் பெரிய அணியின் முதன்மை ஐகன் திசையனைக் காண்பதாகும். அத்தகைய திசையன் ஒன்றே ஒன்று உண்டு என்பதற்கான உறுதியை 1907இல் பெரோனும் 1912இல் ஃபுரோபீனியஸும் நிறுவிய தேற்றங்கள் தருகின்றன. அந்தத் திசையனைக் காணப் பெரும் கணினிகள்கூடத் தேவைப்படவில்லை: எல்லாப் பக்கங்களுக்கும் சம மதிப்பைக் கொடுத்துத் தொடங்கி, இணைப்புகள் வழியே மதிப்பைப் பகிர்ந்தளிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்தபோது, 32 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் கொண்ட தொகுப்பில் 52 சுற்றுகளுக்குள் மதிப்புகள் நிலைகொண்டுவிட்டதாக அவர்களுடைய ஆய்வு பதிவுசெய்தது. மேலும், இணைப்பு எந்தச் சொற்களின்மீது இடப்பட்டிருக்கிறதோ அச்சொற்கள் சென்றடையும் பக்கத்தை விவரிப்பதாகவும் அவர்கள் கொண்டனர். இந்த விதியின் வலிமை 2003இல் எல்லாருக்கும் தெரியவந்தது. ‘படுமோசமான தோல்வி’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின்மீது இணைப்பிட்டுப் பலர் ஒன்றுகூடி எழுதியதால், அத்தொடரைக் கூகுளில் தேடியவர்களுக்கு அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ்ஷின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பு முதலில் காட்டப்பட்டது. அப்பக்கத்தில் அத்தொடர் எங்குமே இல்லை.

இணைப்பு மதிப்பைக் கொடுக்கும் என்றால், இணைப்பைத் தாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று வணிகர்கள் எண்ணியது இயல்பே. அவ்வெண்ணத்தில் பிறந்தவைதான் கட்டுரைக் களஞ்சியங்கள் எனப்பட்ட தளங்கள். ஈசைன்ஆர்ட்டிகிள்ஸ் போன்ற தளங்களில் எவரும் இலவசமாகக் கட்டுரை இட முடிந்தது. அதற்குக் கைம்மாறாகக் கட்டுரையின் அடியில் எழுதியவரைப் பற்றிய ஒரு சிறு பெட்டியும், அதில் அவருடைய வணிகத் தளத்துக்கான இணைப்பும் இடம்பெற்றன. தொடக்கத்தில் இது நேர்மையான பரிமாற்றமாகவே இருந்தது. நாளடைவில் இணைப்புக்காகவே கட்டுரை என்றாகிவிட்டது. ஒரே கட்டுரையை நூற்றுக்கணக்கான களஞ்சியங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் மென்பொருள்கள் விற்கப்பட்டன. ஒரு கட்டுரையின் சொற்களுக்கு மாற்றாக ஒத்தபொருட் சொற்களைப் பொருத்தி, நூறு ‘புதிய’ கட்டுரைகளைப் பிழிந்தெடுக்கும் மென்பொருள்களும் வந்தன. பொருளியலறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிப் பேசும்போது, ஓர் அளவையைக் கட்டுப்பாட்டுக்கான கருவியாக்கும்போது அதுவரை அது காட்டிவந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்று கூறியிருந்தார். தானே எழுதி, தானே இட்டுக்கொண்ட இணைப்பு எவருடைய சான்றுரையும் ஆகாது. அளவுகோல் அளக்க வந்தது சான்றுரையை, அளந்ததோ சான்றுரையின் போலியை.

போலிகளைக் கண்டறியும் கணக்கு அக்காலத்திலேயே ஓரளவு ஆயத்தமாக இருந்தது. ஆண்ட்ரே பிராடரும் அவருடைய குழுவினரும் 1997இல், அல்டாவிஸ்டா தேடுபொறி திரட்டிய 3 கோடி ஆவணங்களைக் கொண்டு, ஒன்றோடொன்று பெரிதும் ஒத்த பக்கங்களைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டனர். ஒரு கட்டுரையை அடுத்தடுத்த சில சொற்கள் கொண்ட சிறு தொடர்களாக, ஒன்றன்மேல் ஒன்று படியும் வகையில் வெட்டி, இரண்டு கட்டுரைகளுக்கும் பொதுவான தொடர்கள் எத்தனை என்று எண்ணுவதே அம்முறையின் சாரம். 1,000 சொற்கள் கொண்ட கட்டுரையில் மும்மூன்று சொற்களாலான தொடர்கள் 998 இருக்கும். அக்கட்டுரையில் 50 சொற்களை மாற்றினால், ஒவ்வொரு சொல்லும் அதிகம் போனால் மூன்று தொடர்களில் பங்குபெறுவதால், சிதைவது 150 தொடர்களுக்கு மேற்படாது. எஞ்சிய 848 தொடர்கள் இரண்டிலும் அப்படியே இருக்கும். இரு கட்டுரைகளிலும் சேர்த்து உள்ள 1,148 வெவ்வேறு தொடர்களுள் 848 பொதுவானவை என்றால் ஒப்புமை ஏறத்தாழ 74 விழுக்காடு. தனித்தனியாக எழுதப்பட்ட இரு வேறு கட்டுரைகளுக்கிடையே இத்தகைய ஒப்புமை வாய்ப்பதே இல்லை. மோசஸ் சாரிக்கர் 2002இல் கண்ட வேறொரு முறை, கட்டுரை முழுவதையும் ஒரு குறுகிய இரும எண்ணாகச் சுருக்கியது. ஒத்த கட்டுரைகளுக்கு ஒத்த எண்களே கிடைக்கும் என்பது அதன் சிறப்பு. 64 இலக்கங்கள் கொண்ட அத்தகைய எண்களில் மூன்று இலக்கங்களுக்குள் மட்டும் வேறுபடும் பக்கங்களை ஒத்தவையாகக் கொள்வது 800 கோடிப் பக்கங்கள் கொண்ட தொகுப்புக்குப் பொருத்தமாக இருக்கும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் எழுதினர். இன்னும் பல சொற்களை மாற்றித் தப்பிக்க முயன்றால் வாக்கியங்கள் பொருள் கெட்டு, படிக்கத் தகாதவை ஆகிவிடும். அப்படிப்பட்ட கட்டுரை எவரை வரவழைத்தும் பயனில்லை.

இவற்றையெல்லாம் தாண்டியும், பிறருடையதைப் படியெடுக்காமல், ஆனால் புதிதாக எதையும் சொல்லாமல் எழுதப்பட்ட மெலிந்த கட்டுரைகள் பெருகின. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கணினி கூற, அத்தலைப்பில் ஒரு கட்டுரைக்கு ஏறத்தாழ 15 டாலர் கூலிக்கு அவசர அவசரமாக எழுதுவித்து வெளியிட்ட டிமாண்ட் மீடியா நிறுவனம் 2011 ஜனவரியில் நியூயார்க் பங்குச் சந்தைக்குள் நுழையும் அளவுக்கு அத்தொழில் கொழுத்திருந்தது. அடுத்த மாதமே கூகுள் ஒரு மாற்றத்தை அறிவித்தது. பாண்டா என்று பின்னர் அறியப்பட்ட அம்மாற்றம் அமெரிக்காவில் 11.8 விழுக்காட்டுத் தேடல்களின் முடிவுகளை மாற்றியமைத்தது. இதன் பின்னணியில் இருந்த ஆய்வு முறை கவனிக்கத்தக்கது. பொதுமக்களிடம் இணையதளங்களைக் காட்டி, இத்தளத்தை நம்பிக் கடனட்டை எண்ணைக் கொடுப்பீர்களா, இது பரிந்துரைக்கும் மருந்தை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்பன போன்ற கேள்விகள் கேட்கப்பட்டன. அவர்கள் நம்பிய தளங்களுக்கும் நம்பாத தளங்களுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணினி கற்றுக்கொண்டு, மற்ற தளங்களையும் அவ்வாறே பிரித்தது. கட்டுரைக் களஞ்சியங்கள் பெரும் வீழ்ச்சி கண்டன. 2012 ஏப்ரலில் வந்த பெங்குயின் என்னும் மாற்றம், செயற்கையாக உண்டாக்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. களஞ்சியங்களில் கட்டுரைகளைக் கொட்டி இணைப்புச் சேர்க்கும் வழி இவ்விரு மாற்றங்களோடு ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. அது முடிந்தது வாசகர் அனைவருக்கும் நன்மையே.

எந்தவகைக் கட்டுரை நிலைத்தது என்பதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வீடுகளுக்குக் கண்ணாடியிழை நீச்சல்குளம் அமைத்துத் தரும் ரிவர் பூல்ஸ் நிறுவனத்தின் கதை தெளிவான சான்று. 2008 நிதி நெருக்கடியில் வீட்டுச் சந்தை சரிந்தபோது அந்நிறுவனம் மூடும் நிலைக்கு வந்தது. அதன் பங்குதாரர்களுள் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் அதுவரை நேரில் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிறுவனத்தின் தளத்திலேயே விடை எழுதத் தொடங்கினார். கண்ணாடியிழைக் குளத்துக்கு என்ன செலவாகும், அவ்வகைக் குளத்தின் குறைகள் எவை, கான்கிரீட் குளத்தோடு ஒப்பிட்டால் எது எவருக்குப் பொருந்தும் என்பன அவர் எழுதியவற்றுள் சில. தம் பகுதியிலுள்ள போட்டி நிறுவனங்களைப் பற்றிக்கூட அவர் எழுதினார். போட்டியாளருக்கு அஞ்சியோ வாடிக்கையாளர் விலகிவிடுவார் என்று அஞ்சியோ அத்தொழிலில் பெரும்பாலோர் வெளியிடாமல் இருந்த செய்தி விலை. அதைத் தேடியவர்களுக்கு விடை சொன்ன பக்கம் அவருடையதே என்றானதால், விலையைப் பற்றிய அந்த ஒரு கட்டுரையே பல லட்சம் டாலர் விற்பனைக்கு வழிவகுத்ததாக அவர் பின்னர் தெரிவித்தார். மேலே விளக்கிய கணக்குகளை வைத்து இதை நோக்கினால் வியப்புக்கு இடமில்லை. மற்ற பக்கங்களில் இல்லாத செய்தி மற்ற பக்கங்களில் இல்லாத சொற்களைத் தானே கொண்டுவருகிறது. பிற தளத்தார் தம் வாசகருக்கு உதவும் என்று கருதித் தாமே இணைப்புக் கொடுக்கின்றனர். வேறெதன் படியாகவும் அது இல்லாததால் ஒப்புமைச் சோதனையில் ஒதுக்கப்படுவதில்லை.

பட்டியலில் முதலிடம் பெறுவதன் பயன் எவ்வளவு என்பதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கின்றனர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் ஜோக்கிம்ஸும் அவருடைய குழுவினரும் மாணவர்களின் கண் அசைவைக் கருவிகொண்டு பதிவுசெய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், கூகுள் காட்டிய முதலிரு முடிவுகளை மாணவர்கள் அறியாமல் இடம்மாற்றி வைத்தபோதும், மேலே நின்றதையே அவர்கள் மிகுதியாகச் சொடுக்கினர். தேடுபொறியின் வரிசையை மக்கள் அவ்வளவு நம்புகின்றனர். அந்நம்பிக்கையைத் தகுதியற்ற கட்டுரையால் கைப்பற்றுவது வாசகருக்குச் செய்யும் தீங்கு என்பதை வணிகத்துக்காக எழுதுவோர் உணர்ந்தாக வேண்டும்.

அண்மைக்கால மாற்றங்கள் இந்தப் போக்கை இன்னும் கூர்மையாக்கியுள்ளன. 2019இல் கூகுள் தன் தேடலில் புகுத்திய பெர்ட் என்னும் மொழி மாதிரி, சொல்லுக்குச் சொல் பொருத்துவதைக் கடந்து, ஒரு சொல் அதன் முன்னும் பின்னும் வரும் சொற்களால் பெறும் பொருளையும் கணக்கில் எடுத்தது. 2024 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் பல தேடல்களுக்குத் தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடை முதலில் காட்டப்படுகிறது. பிற நாடுகளுக்கும் அது பரவிவிட்டது. பொதுவான செய்தியை மட்டும் கூறும் கட்டுரைக்கு இதனால் வாழ்வில்லை. அதன் சாரம் தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிடும்போது அதைச் சொடுக்கி உள்ளே வர எவருக்கும் காரணமில்லை. தாமே செய்து பார்த்த சோதனை, தாமே அளந்த அளவு, தம் பட்டறையில் கண்ட பழுதின் படம் ஆகியவற்றைக் கொண்ட கட்டுரைக்குத்தான் மூலத்தைக் காண விரும்பும் வாசகர் இனி வருவர். அதே மொழி மாதிரிகளைக்கொண்டு ஆயிரக்கணக்கில் கட்டுரைகளை உற்பத்தி செய்வோரும் பெருகியுள்ளனர். தரவரிசையை ஏய்ப்பதற்காக மொத்தமாக உருவாக்கப்படும் உள்ளடக்கம், அதை ஆக்கியது மனிதராயினும் எந்திரமாயினும், விதிமீறலே என்று 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்துவிட்டது. பழைய ஒத்தபொருட் சொல் மென்பொருள்களின் வரலாறு மறுபடியும் நடக்கிறது, அவ்வளவே.

தமிழில் எழுதும் வணிகருக்கு இதில் தனியாகச் சொல்ல வேண்டிய செய்திகள் உண்டு. தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபுகளையும் சாரியைகளையும் ஏற்று வடிவம் மாறுவன: ‘கிணறு’ என்று தேடுபவருக்கு ‘கிணற்றில்’, ‘கிணற்றுக்கு’, ‘கிணறுகளை’ என்று எழுதப்பட்ட பக்கங்களும் வேண்டும்; ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய நிரலுக்கு இவை வெவ்வேறு சொற்கள். இன்றைய தேடுபொறிகள் இதை ஓரளவே சமாளிக்கின்றன. எனவே சொல்லின் மூல வடிவத்தைத் தலைப்பிலோ முதல் பத்தியிலோ ஒரு முறையேனும் எழுதுவதும், ‘ஆழ்துளைக் கிணறு’ என்று எழுதுமிடத்தில் மக்கள் வழங்கும் ‘போர்வெல்’ என்பதையும் குறிப்பிடுவதும் பயன்தரும். யூனிகோடு குறியீட்டில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டபோதிலும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டோ படமாக ஒட்டப்பட்டோ கிடக்கும் கட்டுரைகள் இன்னும் பல. பழைய எழுத்துருவில் உள்ளது கிராலருக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவையாகவே தென்படும்.

தமிழில் தொழில் சார்ந்த பக்கங்கள் குறைவு என்பதே இங்குள்ள பெரும் வாய்ப்பு. எடுத்துக்காட்டாக, கோவை மோட்டார் பம்புகளுக்குப் பெயர்பெற்ற ஊர். நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை 90 மீட்டர் உயரம் ஏற்ற ஏறத்தாழ 883 வாட் திறன் வேண்டும் என்பதையும், மோட்டாரும் பம்பும் சேர்ந்த பயனுறுதிறன் 50 விழுக்காடு என்று கொண்டால் ஏறத்தாழ 2.4 குதிரைத்திறன் தேவைப்படும் என்பதையும், மின்னழுத்தம் குறைந்த ஊரில் அம்மோட்டாருக்கு என்ன நேரும் என்பதையும் அத்தொழிலில் இருப்பவர் ஒவ்வொருவரும் அறிவர். 300 அடியில் தண்ணீர் நிற்கும் கிணற்றுக்கு எந்த மோட்டார் வாங்குவது என்று கைப்பேசியில் தமிழில் கேட்கும் விவசாயிக்கு இவை தேவை. கடையில் நின்று ஒரு நாளில் பலருக்கு வாய்மொழியாகச் சொல்லும் இவ்விடைகளை, கணக்கையும் விலையையும் மறைக்காமல், நல்ல தமிழில் தம் தளத்தில் எழுதி வைக்குமாறு தமிழ்நாட்டின் தொழில்முனைவோர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.